மறு: டபுள் பேஸ்ல 'தம்ப் பொசிஷன்', விரல்மேருன்னு வெச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். டபுள் பேஸ், அதாவது நின்னுக்கிட்டு வாசிக்கற பெரிய வில் வாத்தியம், அதுல மேல் சுரங்களுக்கு கட்டைவிரல தந்தி மேல வெக்கற முறைதான் 'தம்ப் பொசிஷன்'. அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசிட்டு இருந்தோமே, அதுக்குத்தான் இந்த பதில்.

அக்கா 'கட்டைவிரல் நிலை'ன்னு போட்டிருந்தீங்க, ஐயா 'பெருவிரல் தானம்' சொன்னீங்க. ரெண்டையும் நேத்து ராத்திரி பேஸ் பக்கத்துல நின்னுக்கிட்டே வாய்விட்டு சொல்லிப் பாத்தேன், எனக்கு ஒட்டல. கட்டைன்னா நம்ம பாட்டுக்காரங்களுக்கு சுருதி, "உனக்கு எத்தன கட்டை"ன்னு கேட்டா அஞ்சு, ஒண்ணரைன்னுதான் பதில் வரும். அதனால 'கட்டை நிலை'ன்னு சுருக்கினோம்னா அர்த்தமே மாறிடும். தானம்னா ராகம் தானம் பல்லவி வந்து நிக்குது, ஸ்தானம்னு திருத்தினாலும் ஸ்வரஸ்தானத்தோட மோதும்.

'நிலை'ல எனக்கு இன்னொரு மனத்தாங்கல் இருக்கு. அது கைய ஒரு எடத்துல நிறுத்தி வெச்சுடற மாதிரி கேக்குது. ஆனா நடக்கறது என்னன்னா, கீழ் சுரங்கள் வாசிக்கும்போது கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னாடி இருக்கும், முன்னாடி மத்த விரல் அழுத்த பின்னாடி இது தாங்க, ரெண்டும் சேந்து ஒரு பிடி. மேல ஏற ஏற கழுத்து முடிஞ்சு பேஸோட உடம்பு குறுக்க வந்துடும், பின்னாடி விரல் போக வழியில்ல, அப்ப அது முன்னாடி வந்து பக்கவாட்டுல தந்தி மேல படுத்துக்கும். பிடி போயிடுச்சு, இனிமே அழுத்தறது தோள்லேந்து எறங்கற கையோட எடைதான். இது புரியாமதான் நான் மொத மூணு மாசம் விரலால நசுக்கி நசுக்கி மணிக்கட்டு வீங்கி உக்காந்திருந்தேன்.

படுத்துக்கிட்ட விரல் என்ன வேல பண்ணுதுன்னு பாருங்க. பேஸோட நாலு தந்தில மேல் சுரத்துக்கான டி, ஜி ரெண்டு தந்தி மேலயும் சேந்தாப்ல கெடக்கும், டி தந்தி நகத்தோரம், ஜி தந்தி கணுகிட்ட. அந்த ரெண்டு எடத்துலயும் தோல் காய்ச்சுப் போகும், இப்ப எனக்கு தொட்டாலே சொரசொரன்னு ரெண்டு கோடு தெரியுது. தந்தியோட சரிபாதில வெச்சோம்னா அங்கேந்து தந்தி புதுசா ஆரம்பிக்குது. டி தந்தில விரல் இருக்கற எடம் ஸ, ஆள்காட்டி ரி, நடுவிரல் க. அப்படியே பக்கத்து ஜி தந்திக்கு மாறுங்க, அதே விரல் அங்க ம, அடுத்து ப, த, மோதிர விரல கொஞ்சம் நீட்டினா நி. கைய நகத்தாமயே சங்கராபரணம் ஏழு சுரமும் வந்துடுச்சு, மேல் ஸ-வுக்குத்தான் கை நகரணும். சுண்டுவிரலுக்கு அங்க பொதுவா வேல இல்ல, எட்டாது.

இது எதனால முடியுதுன்னா தந்தி நீளம் சுமார் 105 செ.மீ, ஜி தந்தில தலைப்பக்கம் ஜிலேந்து அடுத்த முழுச்சுரமான ஏ-க்கு போக 11 செ.மீ-க்கு மேல வேணும், பாதில அதே தூரம் 6 செ.மீ-க்குள்ள சுருங்கிடுது. கீழ சிமாண்டில்னு பேஸ்காரங்க கத்துக்கற பழைய முறைல ஒண்ணு-ரெண்டு-நாலு, அதாவது ஆள்காட்டி-நடு-சுண்டு விரல் வெச்சா ஒரு முழுச்சுரம்தான் கைக்குள்ள அடங்கும், அந்த கஷ்டத்துலேந்து மேல வந்து நிக்கும்போது கை விரிஞ்சு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய பேஸ் மேதை பொட்டெசினி அந்தக் காலத்துலயே பேஸ அவ்வளவு உச்சத்துல பாட வெச்சாரே, அந்த உச்சமெல்லாம் இந்த விரல நம்பித்தான்.

வீணைல தலைப்பக்கம் தந்தி ஆரம்பிக்கற எடத்துக்கு என்ன பேரு? மேரு. பேஸ்ல அந்த எடத்துல கருங்காலில ஒரு சின்ன தடுப்பு இருக்கும், அங்கேந்துதான் தந்தி பேசும். இப்ப அந்த வேலைய விரல் செய்யுது, அதான் விரல்மேரு. சொல்லு நல்லதான்னு பாக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும், வாத்தியார் பையன்கிட்ட சொல்லிப் பாக்கறது. "மேரு வை", "மேருவ அரை சுரம் மேல நகத்து", "மேரு தூக்காத, அப்படியே கெடக்கட்டும்". வாய்ல ஒக்காருது. "கட்டைவிரல் நிலைய அரை சுரம் நகத்து"ன்னு வில்லு ஓடிட்டு இருக்கும்போது யாரு சொல்லுவா?

ஐயா, வடசொல்லுன்னு நீங்க சொல்வீங்கன்னு தெரியும். வீணைக்காரங்க வீட்டுல பொழங்கற சொல்லு அது, குதிரைன்னு சொல்ற மாதிரியே மேருன்னும் சொல்றாங்க, தந்திக்கு ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் மேருன்னு நமக்கு ஏற்கெனவே ஜோடி இருக்கு. இருக்கறத எடுத்துக்கலாம்னுதான் கேக்கறேன்.

—

தம்பி, படிச்சேன், ஏழு சுரம் வெளக்கினது ரொம்ப தெளிவு. ஆனா வீணைல மேரு நகராதே, நீ நகர்ற விரலுக்கு அந்த பேர வெக்கற. அப்பறம் பேஸோட அந்த கருங்காலித் தடுப்ப என்னன்னு சொல்லுவ? புதுசா வர்ற பிள்ளைங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கும். செல்லோலயும் இதே விரல் இருக்கு, இதே வட்டத்துக்குக் கீழ சின்னக் கோடு போட்ட குறிதான் நோட்டுல வரும், அவங்களுக்கும் ஒத்து வரணும்.

—

அக்கா, நியாயமான கேள்வி. அசையாதது தலைமேரு, அசையறது விரல்மேருன்னு வெச்சுக்கலாம். பாடத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் வரப்போகுது, முழுசா சொன்னா கொழப்பம் வராது. செல்லோவுக்கும் பொருந்தும், அங்க தந்திங்க அஞ்சு சுர இடைவெளில இருக்கறதால அதே விரல் ஸ-வும் ப-வும் புடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நகர்றதப் பத்தி சொன்னீங்க, பயிற்சில நான் முதல்ல பண்றதே அதுதான். பாதி எடத்துல விரல சும்மா தொட்டு வில்லப் போட்டா புல்லாங்குழல் மாதிரி ஒரு சுரம் வரும், அப்படியே எடைய எறக்கி அழுத்தினாலும் அதே சுரம் வரணும். வந்தா மேரு சரியான எடத்துல இருக்கு. அதுக்கப்பறம்தான் அரை அரை சுரமா மேல போறேன், ஒவ்வொரு எடத்துலயும் ஸ ரி க ம.

ஒண்ணு மட்டும் பாக்கி. இங்கிலீஷ்ல 'தம்ப் பொசிஷன்'ங்கற அதே சொல்ல விரலப் போடற முறைக்கும் சொல்றாங்க, தந்திக்கு அடில இருக்கற விரல் பலகையோட அந்த மேல் பகுதிக்கும் சொல்றாங்க. இன்னைக்கு பலபேர் பாதிக்குக் கீழயும் விரல தந்தி மேல வெச்சு வாசிக்கறாங்க, அதனால எடத்தோட பேரும் முறையோட பேரும் ஒண்ணா இருக்கக் கூடாதுங்கறது என் எண்ணம். விரல்மேரு முறைக்கு. அந்தப் பகுதிக்கு 'மேல்பலகை'ன்னு யோசிச்சேன், திருப்தி இல்ல. செல்லோ வாசிக்கறவங்க வகுப்புல எப்படிச் சொல்லிக்கறாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களாக்கா?