முரண்டுக் கோளாறு: ஏன் இந்தச் சொல்?

வணக்கம்,

நீங்கள் தயாரிக்கும் பெற்றோர் கையேட்டில் ‘ஆப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸார்டர்’ (பெரியவர்கள் சொல்வதை விடாமல் எதிர்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகளின் மனநலக் கோளாறு) என்பதற்கு ‘எதிர்ப்பு அடங்காமைக் கோளாறு’ என்று போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘முரண்டுக் கோளாறு’ என்று போடலாம் என்கிறேன். அடங்காமை பழைய சுமை உள்ள சொல். குறள் 121-இல் அது ஆளை ஆரிருளில் தள்ளுகிற குற்றம். "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியல" என்று ஏற்கெனவே சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்குகிற ஒரு அம்மாவின் கையில் போய் இதைக் கொடுப்பதா?

சரி, பிடிவாதம்? பக்கத்தில் வருகிறது, ஆனால் வேறு. பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும், கிடைத்தால் அமைதியாகிவிடும். முரண்டு பிடிக்கிற பிள்ளையோ கேட்டதையே கொடுத்தாலும் வேண்டாம் என்னும், சரி வேண்டாம் என்று எடுத்து வைத்தால் வேண்டும் என்று அழும். நாம் சொல்வதற்கு எதிரே நிற்பதுதான் அங்கே விஷயம்.

இந்தப் பொருளுக்கு மிக நெருங்கி வருவது விதண்டாவாதம். பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரிக்கிறது; தன் தரப்பு என எதையும் நிறுவாமல் அடுத்தவர் தரப்பை உடைப்பது மட்டுமே விதண்டை. ஆனால் அது வாயால் செய்வது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிற ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஏது வாதம்? குதர்க்கமும் அப்படியே.

முரண்டு பேச்சு வழக்கு என்று ஒதுக்க வேண்டாம். அடியில் இருப்பது முரண், தொல்காப்பியச் செய்யுளியலில் முரண்தொடையாக (சொல்லோ பொருளோ எதிரெதிராக வரும் தொடை) வருகிற அதே சொல். வண்டி மாடு முரண்டு பிடிக்கிறது என்றால் மாட்டை யாரும் கெட்டது என்று சொல்வதில்லை. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் "முரண்டு பிடிக்காதடா" என்று கெஞ்சுகிற அம்மாவுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அமெரிக்க மனநலக் கையேட்டின் 1980 பதிப்பில் இதன் பெயரில் ‘டிஃபையன்ட்’ கிடையாது, 1987-இல்தான் சேர்த்தார்கள். ‘ஆப்போசிஷனல்’, ‘டிஃபையன்ட்’ இரண்டையும் தமிழில் முரண்டு என்ற ஒரே சொல் தாங்கும்போது எதற்கு இரண்டு?

ஆனால் ‘கோளாறு’ கட்டாயம் வேண்டும். முரண்டு பிடிக்காத பிள்ளை ஏது? 2013 பதிப்பின்படி எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு, குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். அந்த எட்டில் ஒன்றான ‘விண்டிக்டிவ்னெஸ்’ஸுக்கு (பழிவாங்கும் குணம்) ‘வன்மம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிறு பிள்ளைக்கு அது ரொம்பக் கடுமை, ‘கறுவுதல்’ போதும் என்பது என் கருத்து. அப்புறம் உங்கள் முடிவு.