சிறைக் காவலர் வேலைக்கு முதல் விருப்பம் கொடுக்கலாமா?

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசிப் பக்கம் ஊர். வயது 25, பி.சி. பிரிவு. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்த சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வு, விருப்ப வரிசையை நாம்தான் சொல்ல வேண்டும் என்பது தெரியும். சிறைக் காவலரை முதலில் போடலாமா என்று யோசிக்கிறேன். காரணம், எனக்கு பந்தோபஸ்து, ஊர்வலம், கூட்டம் இதெல்லாம் ஒத்துவராது. ஓரிடத்தில் இருந்து பொறுமையாகச் செய்கிற வேலை என்றால் செய்துவிடுவேன்.

வீட்டில் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "போலீஸ்னா சரி, ஜெயிலுக்குள்ள போய் உட்காரவா உன்னைப் படிக்க வச்சேன், யார் பொண்ணு கொடுப்பா" என்கிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லோரும் சினிமாவில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், ஒரு நாள் எப்படிப் போகும், உண்மையிலேயே ஆபத்தா, என்னைப் போன்ற ஆளுக்குச் சரிப்படுமா என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கல்லூரி படிக்கும்போது ஊர்ப் பொங்கல் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என் பெயரையும் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அப்புறம் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டோம். அது இப்போது தடையாக வருமா?

மைதானத்து மணி:

தம்பி, தேர்வுப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். உள்ளே எப்படி என்பதை அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், உங்களுக்கு அதில் பிரச்சினை இல்லை. பி.சி.க்கு உச்ச வரம்பு 28 வயது, அதனால் காலமும் இருக்கிறது. முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். நிறையப் பேர் இதை அலட்சியமாக விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள், நீங்கள் விடாதீர்கள். முதன்மைத் தேர்வு 70: பொது அறிவு 45, உளவியல் 25. அந்த 25இல் கணக்கு, தருக்கம் எல்லாம் வரும், கணிதம் படித்த உங்களுக்கு அது பெரிய பலம். அப்புறம் உடல்திறன் 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6.

உயரம் 170 செ.மீ., மார்பு 81, மூச்சு இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் மற்றப் போட்டிகளுக்கே விடுவார்கள். கயிறு ஏறுவதை இன்றைக்கே தொடங்குங்கள். ஓட்டத்தைக் கடைசி மூன்று மாதத்தில் தேற்றிவிடலாம், கயிறு அப்படி வராது, தோளும் பிடியும் மெதுவாகத்தான் ஏறும்.

சிறைத்துறைக்கு இடங்கள் குறைவு என்பதை மனதில் வையுங்கள். 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 இடங்களில் சிறைக்கு 86தான். 2025இல் 3,665இல் 180. அதனால் எது முதல் விருப்பம் என்பதைவிட எத்தனை மதிப்பெண் என்பதுதான் முதலில் பேசும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் அந்தச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத முன்னுரிமை அதற்கு இருக்கிறது.

பழைய வார்டர்:

தம்பி, இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சீஃப் ஹெட் வார்டராக ஓய்வு பெற்றவன் நான். மத்தியச் சிறையிலும் இருந்திருக்கிறேன், கிளைச்சிறையிலும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்டர், அதாவது சிறைக் காவலர் என்றால் லத்தியோடு நிற்கிறவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி எண்ணுவதுதான். காலையில் திறக்கும்போது எண்ண வேண்டும், பொறுப்பு மாறும்போது எண்ண வேண்டும், சாயங்காலம் அடைக்கும்போது எண்ண வேண்டும். நடுவில் நீதிமன்றம் போகிறவர்களை அனுப்புவது, மருத்துவமனைக்கு எழுதுவது, தொழிற்கூடத்துக்கு விடுவது, மனு பார்க்க, அதாவது சிறைவாசியை நேரில் சந்திக்க வந்த குடும்பத்தை ஒழுங்குபடுத்துவது. நீதிமன்றத்துக்கு வழிக்காவலாகப் போவது ஆயுதப்படை போலீசின் வேலை. வாசலில் ஆளைச் சரிபார்த்து ஒப்படைப்பதோடு நம் பங்கு முடிந்தது. எண்ணிக்கையில் ஒன்று இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பொறுமைசாலி என்று உங்களைச் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தப் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான்.

இரவுப் பணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாக்கைச் சுற்றி வரும்போது பூட்டை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவன் நல்ல வார்டர் இல்லை. படுத்திருக்கிற ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும். அதிலும் அன்றைக்குப் புதிதாக வந்தவனை. முதல்முறை உள்ளே வருகிறவனுக்கு முதல் சில இரவுகள்தான் பயங்கரம். சாப்பாட்டைத் தொடாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். பெயரைக் கூப்பிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள், தகவல் போய்விட்டதா என்று கேளுங்கள். அவனைத் தனியாக விடாமல் பக்குவமான ஆட்களோடு படுக்க வையுங்கள். மேலதிகாரிக்குச் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். நாடு முழுக்கச் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைச் சிறைவாசிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவர்களைச் சொல்லவில்லை. அவர்களை உயிரோடும் நலத்தோடும் வைத்திருந்து நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

கிளைச்சிறையில் போட்டால் அட்மிஷனில் கவனமாக இருங்கள். போலீஸ் கொண்டுவந்து விடும்போது ஆளை நிற்க வைத்து, நடக்க விட்டு, காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பதிவேட்டில் எழுதி, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொண்டுவந்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, எழுதாமல் விடக்கூடாது. 2020 ஜூனில் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்ட சாத்தான்குளம் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டார்கள், இரண்டு மூன்று நாளைக்குள் இரண்டு பேரும் உயிரோடு இல்லை. உங்கள் பக்கத்து ஊர்க் கதை, நான் விவரிக்கத் தேவையில்லை. அட்மிஷன் பதிவேட்டில் எழுதும் ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்பதை வேலையில் சேரும் ஒவ்வொரு பையனும் அங்கிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். அடிதடி நடக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை வேலையை இழந்தவர்களில் பெரும்பாலானோர் அடிபட்டு இழக்கவில்லை. ஒரு பீடிக்கட்டில் ஆரம்பிக்கும். "சார், வீட்டுக்கு ஒரே ஒரு போன்" என்று கெஞ்சுவான், பாவமாக இருக்கும். வெளியே அவன் ஆள் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பான், அப்புறம் பணம் கொடுப்பான். ஒருமுறை கை நீட்டிவிட்டால் அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் உத்தரவு போடுவது அவன், நீங்கள் இல்லை. உள்ளே செல்போன் கொண்டுபோய்க் கொடுத்துப் பிடிபட்ட வார்டர் அதே சிறை வாசல் வழியாகச் சிறைவாசியாக உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தால் முறைப்படி போன் பேச அவனுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அதுதான் உண்மையான உதவி.

கை நீட்டுவது என்றால் அடிப்பதும்தான். திகார் சிறையில் ஒரு தலைமை வார்டர் பணம் பறிக்க ஒரு கைதியைச் சித்திரவதை செய்தார். பக்கத்தில் தூக்குத் தண்டனையில் இருந்த சுனில் பத்ரா அதை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சிறைக்குள் வந்துவிட்டதால் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் அதன் சாரம். பயிற்சியில் இதைச் சொல்வார்கள், காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்துப் பையன் என்பதால் இன்னொன்று. சேர்ந்த முதல் வாரமே "தம்பிக்கு எந்த ஊர், எந்தத் தெரு" என்று உள்ளே இருப்பவர்களும் கேட்பார்கள், கூட வேலை பார்ப்பவர்களும் கேட்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள். சாதி பார்த்து வேலை ஒதுக்குவதும், சாதி பார்த்து அடைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு வார்டர் இன்ன சாதிக்காரனுக்கு வேண்டியவன் என்று பெயர் வாங்கிவிட்டால், ஒரு சண்டை வரும்போது அவன் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆறு சிறைவாசிக்கு ஒரு காவலர் என்று 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது, நான் இருந்த இடங்களில் அந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. தீபாவளி, பொங்கலுக்கு வீட்டில் இருப்பது அபூர்வம். பதவி உயர்வு மெதுவாக வரும். நீங்கள் பட்டதாரி, வேலையில் சேர்ந்த பிறகும் படிப்பை விடாமல், டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிச் சிறை அலுவலர் தேர்வு எழுதுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியது: சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 வரை, போலீஸ்காரருக்கும் இதேதான். மத்தியச் சிறைகளை ஒட்டிக் குடியிருப்பு உண்டு. எனக்கும் பெண் கொடுத்தார்கள், என் பிள்ளைகள் அந்தக் குடியிருப்பில்தான் வளர்ந்து படித்தார்கள்.

கத்துகிற ஆளிடம் குரலை உயர்த்தாமல் பேச உங்களால் முடியும் என்றால் முதல் விருப்பமாகப் போடுங்கள். போலீஸ் கிடைக்காவிட்டால் இது என்ற எண்ணமாக இருந்தால் கடைசியில் போடுங்கள், அந்த எண்ணத்தோடு உள்ளே வந்தால் கசப்பு முழுவதும் சிறைவாசி தலையில்தான் விழும்.

பொன்னி:

ஐயா சொன்னதோடு பெண்களுக்காகக் கொஞ்சம் சேர்க்கிறேன். இதைப் படிக்கிற தங்கைகளும் இருப்பீர்கள். நான் பெண்கள் தனிச்சிறை ஒன்றில் பணியில் இருக்கிறேன். புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று ஐந்து ஊர்களில் அவை இருக்கின்றன. உயரம் 159 செ.மீ., பட்டியல் வகுப்பினருக்கு 157. தகுதி ஓட்டம் 400 மீட்டர், இரண்டரை நிமிடம்.

எங்கள் பக்கம் குழந்தைகள் இருப்பார்கள். ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குழந்தை எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் சாயங்காலம் அதுவும் சேர்ந்துதான் கதவுக்குள் போகும். பால் வந்ததா, தடுப்பூசி போட்டாயிற்றா, விளையாட வெளியே விட்டோமா என்பதெல்லாம் எங்கள் கையில்தான் இருக்கிறது. பெண்களைச் சோதனை போடுவது பெண் காவலர் மட்டுமே, அதையும் மறைவாக, மரியாதையாகச் செய்ய வேண்டும். மனு பார்க்க ஆண்கள் சிறையில் குடும்பமே வந்து நிற்கும். இங்கே மாதக்கணக்கில் யாருமே வராதவர்கள் உண்டு. அவர்களுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் போட்டாயிற்றா என்று நாங்களே கேட்டு எழுதிக் கொடுக்கிறோம்.

தம்பி, அம்மாவின் பயம் நியாயம்தான். வேலை கிடைத்தால் குடியிருப்புக்கு ஒரு தடவை அழைத்து வாருங்கள், என் மாமியாரும் அப்படி வந்து பார்த்த பிறகுதான் சமாதானமானார்.

கரிசல்காட்டான்:

ஐயா, அக்கா, மணி அண்ணன் மூவருக்கும் ரொம்ப நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை, "புதுசா வந்தவனைக் கவனிக்கணும்னு சொல்றாரே, நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். முதல் விருப்பமாகப் போட முடிவு செய்துவிட்டேன். அந்த எஃப்.ஐ.ஆர். விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. பேசி முடித்ததுதானே, படிவத்தில் எழுத வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பழைய வார்டர்:

எழுத வேண்டும் தம்பி. நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் ஊரில் பேசி முடித்துவிட்டீர்கள், ஸ்டேஷனில் அது எப்படி முடிந்தது என்பதுதான் கேள்வி. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகி விடுதலையா, அபராதமா, அல்லது இன்னும் நிலுவையிலேயே கிடக்கிறதா? நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு ஸ்டேஷனுக்குக் கடிதம் போகும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். வழக்கைவிட மறைத்ததுதான் அப்போது பெரிய குற்றமாக நிற்கும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விரிவாகப் பேசியது. உள்ளபடி சொன்னாலும் வேலை கொடுப்பதா இல்லையா என்று பரிசீலிக்கும் உரிமை துறைக்கு உண்டு, ஆனால் சின்ன வழக்கு, சின்ன வயது என்பதையும் பார்க்க வேண்டும் என்றது.

நாளைக்கே ஸ்டேஷனில் குற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை எடுங்கள். நிலுவையில் இருந்தால் இப்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. நகல் கைக்கு வந்ததும் என்ன பிரிவு, எப்படி முடிந்தது என்று மட்டும் இங்கே எழுதுங்கள், படிவத்தில் எப்படிக் குறிப்பிடுவது என்று சொல்கிறேன்.