புதுப்பிப்பு: வீவக வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம், ஆள் பிடிபட்டான்

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கதவில் கடன்முதலை (உரிமமில்லாமல் வட்டிக்கு விடுபவர்) அனுப்பிய ஆள் சாயம் ஊற்றிப்போனதைப் பற்றிக் கேட்டிருந்தேன். "போலிஸ் வரும்வரை கழுவாதீர்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கதவிடுக்கில் செருகியிருந்த மிரட்டல் சீட்டு, தரையில் சொட்டி உறைந்த சாயம் என எல்லாவற்றையும் படமெடுத்தார்கள். மின்தூக்கித் தளத்துப் போலிஸ் கேமராவில் தொப்பியும் முகக்கவசமுமாக ஒருவன். உடையை வைத்தே வழி பிடித்துவிட்டார்கள்.

எதிர்பாராதது இதுதான்: அவனும் கடனாளியாம், வட்டி கட்ட முடியாமல் இந்த வேலைக்கு இறங்கியவன். தேடியதும் எங்களையல்ல, முன்பு இங்கே வாடகைக்கு இருந்தவரை. இத்தகைய தொல்லைக்கு முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. சொத்தைச் சேதப்படுத்தினால் பிரம்படியும் உண்டு.

கதவுக்கு டர்பன்டைன் தேய்த்தது வீண். புதிதாக வண்ணம் அடித்தோம்.