கைகளை உயர்த்தும் டிஜேக்களும் குனிந்து நிற்கும் டிஜேக்களும்

ஒரு நிகழ்ச்சியில், டிஜே பாட்டுகளைக் கலக்கும் கருவியான மிக்சருக்குப் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்க இடம் கிடைத்தது. இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள்கள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகள்), நடுவே மிக்சர். டிஜே ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தோளால் காதோடு அணைத்திருந்தார். அதில் அடுத்த பாட்டு, மறுகாது அரங்கில் ஒலித்த பாட்டுக்கு. அடுத்த இசைத்தட்டு பின்தங்கினால் நடு லேபிளை விரலால் மெல்லத் தள்ளுவார். முந்தினால் சுழலும் தட்டின் ஓரத்தில் விரல்நுனியை ஒற்றி எடுப்பார். பிறகு வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை மயிரிழை நகர்த்துவார். (அந்தக் கருவியில் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம்தான் இடம் உண்டு, பாட்டுகளை அதற்குள் அடங்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும்.) தாளம் இணைந்ததும் பழைய பாட்டின் பேஸை (அடித்தொனியை) இறக்கிக்கொண்டே புதியதன் பேஸை ஏற்றினார். இரண்டு பேஸும் முழுதாக மோதினால் ஒலி குழம்பிப்போகும். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவரோ குனிந்தபடி அடுத்த தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இன்னோர் இடத்தில் நேர்மாறாகப் பார்த்தேன். அந்த டிஜே ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு குமிழைத் திருகி, சுட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை! எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சிங்க் பொத்தானைப் பயன்படுத்தியதில் எனக்குக் குறையே இல்லை. வேகம் பொருத்தும் வேலையைக் கருவி பார்த்துக்கொண்டால், கூட்டத்தைக் கவனித்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கும். அவர் அதையும் செய்யவில்லை.

வித்தை காட்டுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். 1986-இல் டிஎம்சி என்ற டிஜேக்களின் உலகப் போட்டியில் டிஜே சீஸ் என்பவர் தட்டுகளைத் தேய்த்து ஸ்கிராட்ச் செய்து வென்ற பிறகு, அந்த மேடையே கைவித்தைக்காரர்களின் களமாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து, ஒரு தட்டின் ஒலியிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்பேடரை வெட்டுவார்கள், முழங்கையாலும் நகர்த்துவார்கள். ஆனால் கை ஒரு நொடி பிசகினால் அது எல்லோருக்கும் கேட்டுவிடும். அந்தத் துணிச்சலுக்காகவே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அவர்களை ரசிப்பேன்.

பக்கவாட்டில் நிற்க வாய்த்தால் உயர்ந்த கைகளை விட்டுவிட்டு ஹெட்போனைக் கவனியுங்கள். அது காதுக்குப் போனதிலிருந்து பாட்டு மாறும்வரை டிஜே என்னென்ன செய்தார் என்பதை நீங்களும் எழுதுங்கள்.