கலைச்சொல்: மூலமரத்துக்கு வெளியே கட்டும் கருனிக் கூறுகள்

வணக்கம். லினக்ஸின் மையநிரலான கருனியின் (கேர்னல்) மூலநிரல் தொகுப்பே மூலமரம். அதற்கு வெளியே வைத்துப் பராமரிக்கிற 'அவுட்-ஒஃப்-ட்ரீ மொட்யூல்' என்ற கூறுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு நீங்கள் எழுதியது இது:

> 'வெளிமரக் கூறு' என்று வைப்போம். இல்லையென்றால் 'குருவிச்சை'.

குருவிச்சை வேண்டாம், தம்பி. மாமரத்தில் ஏறிச் சாற்றை உறிஞ்சிக் கொப்பைப் பட்டுப்போக வைப்பது அது. லினக்ஸ் மூலமரத்தில் இடம் கிடைக்காத ஒரு வைஃபை இயக்கியை (ட்ரைவரை) யாரோ தன் நேரத்தில் பராமரிக்கிறார். அவர் உழைப்புக்கு அந்தப் பெயரைச் சூட்ட மனம் வரவில்லை. 'வெளிமரம்' என்றாலோ வெளியே நிற்கிற இன்னொரு மரம் என்றே காதில் விழுகிறது.

போன மாரியில் கிளிநொச்சியில் ஒரு கணினி அறை. கேர்னல் புதுப்பித்த மறுநாள் காலை யூஎஸ்பி வைஃபை குச்சியின் விளக்கு எரியவில்லை. முன்பு மூலநிரலிலிருந்து கையால் கட்டிவைத்த இயக்கியின் கேஓ கோப்பை ஏற்றினால் 'இன்வாலிட் மொட்யூல் ஃபோர்மட்' என்ற பிழை. வெர்மாஜிக் என்ற பதிப்பு முத்திரை பொருந்தவில்லை. திரும்பக் கட்டப் புதுக் கருனியின் தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) வேண்டும். அவற்றை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்தக் குச்சி வேண்டும். கடைசியில் ஒரு பிள்ளையின் கைபேசியை வயரில் கொழுவித்தான் இறக்கினோம்.

அங்கேதான் 'நாற்று' என்ற சொல் மனதில் பட்டது. வேறிடத்தில் மேடை போட்டு வளர்த்து வயலுக்குக் கொண்டுவருவது. போன போகத்து நாற்றை இந்தப் போகத்தில் நடமுடியாது. டெல் நிறுவனத்தார் 2003இல் எழுதிய டிகேஎம்எஸ் என்ற கருவி, புதுக் கருனி வரும்போதெல்லாம் கூறைத் திரும்பக் கட்டும்; அது செய்வதும் மேடையைத் தானே திரும்பப் போடுவதுதான். ஆகவே 'புறநாற்றுக் கூறு'.

மாங்குளத்திலிருந்து

---

அண்ணை, சொல் நல்ல சொல். வைத்த இடந்தான் பிசகுது.

மரத்துக்கு வெளியே இருப்பது மூலநிரல். யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி அடைவில் கிடக்கிற சி கோப்புகள் விதைநெல் அல்லவா? டிகேஎம்எஸ் பொதியில் நாங்கள் அனுப்புவதும் விதைநெல்லைத்தான்; நாற்று அவரவர் கணினியில் முளைக்கும். கட்டி முடித்த கேஓ கோப்பைப் பொதியில் போட்டால் அதுதான் நாற்று; எந்தக் கருனிக்குக் கட்டினோமோ அதற்கு மட்டுமே உறுதியாய்ப் பொருந்தும். ஒப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்கிற செக்கியூர் பூட் உள்ள கணினியில் ஒப்பமிடுவதும் நாற்றில்தான், விதையில் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பொதி செய்கிற பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

பொதுப்பெயர் 'புறக்கூறு'. மூலமாய் அனுப்பினால் 'விதைக்கூறு', கட்டி அனுப்பினால் 'நாற்றுக்கூறு'. மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்படி இட்டிருக்கிறேன். டிகேஎம்எஸ் செய்கிற வேலைக்கு 'மறுகட்டு' போதுமா, 'மறுநாற்று' வேண்டுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. அந்த வரியை வெறுமையாய் விட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கோ.

வவுனியாவிலிருந்து