பேரூராட்சி மன்றமே மனைப்பிரிவுக்குத் தனி விதி போட முடியுமா? (எல்லா லேஅவுட்டும் ஏன் 2 ஏக்கர் 40 சென்ட்?)

வார்டு9 எழுதியது:

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2022 தேர்தலில் சுயேச்சையாக நின்று வந்தவள். தையல் கடை வைத்திருக்கிறேன், சட்டம் படித்தவள் இல்லை. ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன ஊர்.

விஷயம் இதுதான். ஊருக்குக் கிழக்கே இட்டேரியை (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதை) ஒட்டி ஒரே குடும்பத்துத் தோட்டம் இருந்தது. மஞ்சளும் வாழையும் போட்ட பூமி. இப்போது அது மூன்று மனைப்பிரிவு விண்ணப்பமாக வந்திருக்கிறது. ஒன்று 2 ஏக்கர் 40 சென்ட், இன்னொன்று 2.38, மூன்றாவது 2.35. மூன்றும் மூன்று பேர் பெயரில். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் நோட்டீஸில் ஒரே நகர், ஒரே நுழைவு வளைவு, ஒரே போன் நம்பர். முதல் துண்டில் ஆரம்பிக்கும் ரோடு நேராக மூன்றாவது துண்டில் போய் முடிகிறது.

மூன்றையும் சேர்த்தால் 7 ஏக்கர் 13 சென்ட். ரோட்டுக்குக் கால்வாசி போனாலும், மீதியில் பத்தில் ஒரு பங்கு என்றால் 50 சென்ட்டுக்கு மேல் பூங்கா இடம் ஊருக்கு வந்திருக்க வேண்டும். வந்திருப்பது பூஜ்யம். என் வார்டில் குழந்தைகள் விளையாடுவது டாஸ்மாக் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில்.

அப்புறம் இந்த இட்டேரி. தரையில் 15 அடிதான் இருக்கிறது. எதிரில் ஒரு டெம்போ வந்தால் பைக்கில் வருகிறவர் வேலிக்குள் இறங்க வேண்டும். இதை நம்பி நூறு மனைக்கு மேல் வரப்போகிறது.

இதனால் ஒரு தீர்மானம் எழுதி வைத்தேன்: எங்கள் எல்லைக்குள் இனி எந்த மனைப்பிரிவு வந்தாலும் 30 அடி ரோடு கட்டாயம், எவ்வளவு சின்ன இடமானாலும் பூங்கா கட்டாயம். செயல் அலுவலர் பார்த்துவிட்டு, "விதியெல்லாம் சென்னையில் போடுவதும்மா, மன்றம் போட முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைவர் "பார்க்கலாம்" என்கிறார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்வது சரியா? சரி என்றால், மன்றம் எதற்கு?

---

புஞ்சைக்காடு எழுதியது:

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எதிர்ப்பக்கமும் ஒருத்தர் சொல்ல வேண்டும். ரோட்டுக்குக் கால்வாசி, பூங்காவுக்குப் பத்தில் ஒன்று என்று போகப்போக, மீதி இருக்கும் சென்ட்டின் மேல்தான் அந்த விலையெல்லாம் ஏறும். ப்ரொமோட்டர் தன் பையிலிருந்து ஒன்றும் தருவதில்லை. நான் மூன்று சென்ட் வாங்கவே நகையை அடகு வைத்திருக்கிறேன். 30 அடி ரோடு கேட்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே வீடு கட்டியவர்கள்.

---

சங்கிலி_அளவை எழுதியது:

அம்மா, நான் நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் செயல் அலுவலர் சொன்னதில் பாதி சரி.

சரியான பாதி: ரோட்டு அகலம், பூங்கா விகிதம் இதெல்லாம் 1971ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்திலும், அதன்கீழ் 2019இல் தமிழ்நாடு முழுமைக்கும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட வளர்ச்சி, கட்டட விதிகளிலும் வருகிறது. அதில் மனைப்பிரிவுத் தெருவுக்குக் குறைந்தது 7.2 மீட்டர், நம் பேச்சில் 23 அடி ரோடு. தெரு நீள நீள அகலமும் கூடும். மன்றம் தன் இஷ்டத்துக்கு இதை 30 ஆக்கித் தீர்மானம் போட்டால், ப்ரொமோட்டர் ஒரு ரிட் மனுவில் அதைத் தூக்கிவிடுவார். உங்களுக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

இப்போது அந்த 2.40 கணக்கு. இதே விதியில் இரண்டு கோடு இருக்கிறது. 3,000 சதுர மீட்டர் வரை பூங்கா இடம் தர வேண்டியதில்லை. அது ஏறக்குறைய 74 சென்ட். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, ரோடு போக மீதியில் 10 சதவீதம் இடமாகத் தரலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000ஐத் தாண்டினால் இடமாகத்தான் தர வேண்டும், பணம் செல்லாது. ஏழை எளியவர்களுக்கென்று சின்ன மனைகள் ஒதுக்கும் கடமையும் அந்தக் கோட்டுக்கு மேல்தான் வருகிறது. 10,000 சதுர மீட்டர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். இப்போது உங்கள் மூன்று விண்ணப்பத்தையும் இன்னொரு தடவை பாருங்கள். வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள தூரம் தெரிந்தவர்கள் ஏன் பணமாகக் கட்டுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் 70 சென்ட், 72 சென்ட் என்றும் வரும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மை காய்ந்திருக்காது.

தவறான பாதிக்கு வருகிறேன். ஊரமைப்பு அலுவலகம் தருவது தொழில்நுட்ப ஒப்புதல். அதற்குப் பிறகு ப்ரொமோட்டர் ரோட்டையும் பூங்காவையும் தரையில் கல் நட்டுக் காட்டி, பேரூராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு இறுதி ஒப்புதல் தருவது உள்ளாட்சி. அந்த ஒப்புதல் இல்லாத புது மனையைப் பத்திர ஆபீசில் பதிய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடப்பில் இருக்கிறது, அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறை செய்யவும் அதே தேதியைத்தான் வைத்தார்கள். ஆக, கடைசிச் சாவி உங்கள் ஆபீசில்தான் தொங்குகிறது. பெரும்பாலான மன்றங்கள் அதைப் படிக்காமலே "பொருள் எண் இத்தனை, மன்றம் அங்கீகரிக்கிறது" என்று கை தூக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, மூன்று விண்ணப்பத்துக்கும் வில்லங்கச் சான்று போட்டுத் தாய்ப் பத்திரத்தைப் பிடியுங்கள். பிரிவினை எப்போது நடந்தது, விண்ணப்பம் எப்போது வந்தது என்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நோட்டீஸைப் பிரதி எடுத்து இணையுங்கள், அது நல்ல சாட்சி. தொழில்நுட்ப ஒப்புதல் வருவதற்கு முன்பே, மூன்றையும் ஒரே மனைப்பிரிவாகப் பரிசீலிக்கக் கோரி மாவட்ட ஊரமைப்பு அலுவலகத்துக்கு மன்றத் தீர்மானமாக அனுப்புங்கள். ஒப்புதல் வந்த பிறகு அனுப்பினால் கோப்பில் கிடந்து மக்கிவிடும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 500 சதுர மீட்டர் வரம்பைப் பார்க்கும்போது எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 3ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது வேறு சட்டம், ஆனாலும் வாதத்துக்கு உதவும்.

ஒருவேளை ஊரமைப்பு அலுவலகம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். நான் உறுதி தர மாட்டேன். ஆனால் மன்றத் தீர்மானத்தோடு வந்த ஆட்சேபனையை ஒரு வரி பதில் எழுதாமல் மூட முடியாது.

இட்டேரிக்கு வேறு வழி. தரையில் 15 அடி என்கிறீர்கள். வருவாய்த்துறை இணையதளத்தில் அந்தப் புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள், அ-பதிவேட்டில் (கிராமத்து நில விவரப் பதிவேடு) அது வண்டிப்பாதைப் புறம்போக்கா என்றும் பாருங்கள். கிளுவை வேலி சும்மா நிற்காது, நடக்கும்.

புஞ்சைக்காடு தம்பிக்கு: நீங்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் பூங்கா இல்லாத லேஅவுட்டில் சென்ட் விலை குறைத்துக் கொடுத்த ப்ரொமோட்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

---

நாலாம்_குறுக்குத்தெரு எழுதியது:

அக்கா, பூங்கா இடம் வாங்குவதோடு நிற்காதீர்கள், எங்கள் கதையைக் கேளுங்கள். எங்கள் நகர் முறையாக டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) ஒப்புதல் வாங்கியது. வரைபடத்தில் பச்சை அடித்து "பூங்கா" என்று 22 சென்ட் இருந்தது. தானப் பத்திரமும் போட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் பட்டாவை மாற்றவில்லை. பல வருடமாகப் பட்டா பழைய நிலத்துக்காரர் பெயரிலேயே கிடந்தது. அவர் காலமானதும் வாரிசுகள் பட்டாவைக் காட்டி அதில் பாதியை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இப்போது சுற்றிலும் சுவர் கட்டி வைத்திருக்கிறார், கேட்டால் அவரும் ஏமாந்தவர்தான். ஆபீசில் போய்த் தானப் பத்திரத்தின் நகல் கேட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். கடைசியில் பத்திர ஆபீசில் நகல் மனு போட்டு நாங்களே எடுத்தோம். இப்போது வழக்கு முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது.

வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனை வாங்கும் ஒவ்வொருவரும் அதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

---

வார்டு9 எழுதியது:

அய்யா, புலப்படம் எடுத்துப் பார்த்தேன். வண்டிப்பாதைப் புறம்போக்குதான். படத்து அளவை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8 மீட்டர் வருகிறது. அதாவது 26 அடி. 11 அடி இரண்டு பக்கத்து வேலிக்குள்ளும் போயிருக்கிறது. ஒரு பக்கத்து வேலி யாருடையது என்று கேட்காதீர்கள், தலைவருக்கு நெருங்கிய சொந்தம்.

30 அடித் தீர்மானத்தை விட்டுவிட்டேன். பதிலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"கிழக்குத் தோட்டம் பகுதியில் வந்துள்ள மூன்று மனைப்பிரிவு விண்ணப்பங்களும் ஒரே தாய்ப் பத்திரத்திலிருந்து பிரிந்தவை, ஒரே சாலை அமைப்பு கொண்டவை என்பதால், ஒரே மனைப்பிரிவாகக் கருதிப் பரிசீலிக்க மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தைக் கேட்டுக்கொள்வது. இனி வரும் எந்த மனைப்பிரிவுக்கும் சாலை, பூங்கா இடங்களின் தானப் பத்திரம் பதிவாகி, பட்டா பேரூராட்சி பெயருக்கு மாறிய பிறகே இறுதி ஒப்புதல் வழங்குவது. இட்டேரியை வட்டாட்சியர் மூலம் அளந்து கல் நட நடவடிக்கை எடுப்பது."

பூங்கா இடத்தைத் தானமாகக் கேட்பதே செல்லாது என்று ப்ரொமோட்டரின் வக்கீல் சொல்வதாகக் கேள்வி. அதற்கு என்ன சொல்வது?

---

சங்கிலி_அளவை எழுதியது:

வக்கீலுக்குப் பதில் எளிது. சென்னைப் பகுதியின் 10 சதவீத விதியை எதிர்த்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்துவிட்டது.

தீர்மானத்தில் மூன்று திருத்தம். "கிழக்குத் தோட்டம்" என்று எழுதாதீர்கள். கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், விண்ணப்ப எண், பரப்பு எல்லாம் வர வேண்டும். தோட்டத்துக்கு நாளைக்கு வேறு பெயர் வைத்தால் உங்கள் தீர்மானம் அநாதையாகிவிடும்.

"பட்டா மாறிய பிறகே" என்பதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பட்டா மாற்றுவது வருவாய்த்துறை வேலை, அவர்கள் தாமதத்துக்கு விண்ணப்பதாரரைக் காக்க வைத்தார்கள் என்று கோர்ட்டில் சொல்வார்கள். "தானப் பத்திரம் பதிவான 15 நாட்களுக்குள் செயல் அலுவலர் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, விவரத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் வைப்பது" என்று போடுங்கள். அப்போது பொறுப்பு ஒரு ஆளின் மேல் இருக்கும். பழைய லேஅவுட் பூங்காக்களையும் இதே தீர்மானத்தில் சேர்த்துவிட்டால் நாலாம் குறுக்குத்தெரு தம்பி ஊரில் நடந்தது உங்கள் ஊரில் நடக்காது.

அகலமான ரோடு கேட்கும் ஆசையையும் விட வேண்டாம். அந்தக் கிழக்குப் பக்கம் முழுவதற்கும் விரிவான வளர்ச்சித் திட்டம் போடச் சொல்லித் தனித் தீர்மானம் கொண்டுவாருங்கள். 1971 சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அதில் ரோட்டுக் கோட்டை வரைந்துவிட்டால், பின்னால் வருகிறவர் அந்தக் கோட்டுக்கு இடம் விட்டுத்தான் மனை போட வேண்டும். வருடக்கணக்கில் ஆகும் வேலை, இந்த லேஅவுட்டுக்கு உதவாது. அதற்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களுக்கு உதவும்.

மூன்றாவது திருத்தம், இட்டேரி. அதைத் தனிப் பொருளாக வையுங்கள். ஒரே தீர்மானத்தில் எல்லாவற்றையும் கட்டினால், அந்த வேலிக்காகத் தலைவர் மொத்தத்தையும் ஒத்திவைத்துவிடுவார்.

---

புஞ்சைக்காடு எழுதியது:

சரிங்க அய்யா, ஒரு சந்தேகம். நான் வாங்கிய மூன்று சென்ட் 2014இல் பதிந்தது, பஞ்சாயத்துத் தலைவர் சீல் மட்டும்தான் இருக்கிறது. பட்டா என் பெயரில் வந்துவிட்டது. அது போதாதா?

---

சங்கிலி_அளவை எழுதியது:

போதாது தம்பி. பட்டா உட்பிரிவு ஆனது சர்வே கணக்கு, மனை ஒப்புதல் வேறு. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிந்ததால் வரன்முறைக்கு நீங்கள் தகுதி, நீர்நிலையிலோ வாய்க்காலிலோ புறம்போக்கிலோ இல்லை என்றால். முதலில் உங்கள் லேஅவுட்டின் மொத்த அமைப்புக்குக் கொள்கை ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று பேரூராட்சியில் கேளுங்கள். விண்ணப்பத் தேதியைப் பல தடவை நீட்டியிருக்கிறார்கள், இப்போது திறந்திருக்கிறதா என்று ஊரமைப்புத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். வீடு கட்டுவதற்கு முன் இதை முடியுங்கள். 2024இல் வந்த உடனடி சுயசான்று கட்டட அனுமதி, ஒப்புதல் உள்ள மனைக்குத்தான்.