பொன்னாந்து மேற்றிராணியார் ஆயரா, பேராயரா, 'பதிலாளா'?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பங்கு இளையோரிடம் மறைமாவட்ட வரலாற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எங்கள் அப்பாயி வைத்திருந்த பழைய செபப்புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் முகப்புத்தாளில் பாதி செல்லரித்துப் போனாலும், 'மேற்றிராணியார் உத்தரவின்படி' என்ற வரியும் (ஆயரை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள்), புதுவை மாதாகோயில் அச்சுக்கூடம் என்பதும், 1853 என்ற ஆண்டும் இன்னும் தெரிகின்றன. அப்போது இருந்தவர் பொன்னாந்து ஆண்டகை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒருவர் அவரைப் பேராயர் என்கிறார், இன்னொருவர் புதுவையின் ஆயர் என்கிறார், மற்றொருவர் அவர் ஆயரே இல்லை, 'பதிலாள்' மட்டுமே என்கிறார். புதுவையில் இருந்தவர் காசியில் இறந்தார் என்றும் கேள்விப்பட்டேன். பிள்ளைகளிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சம்பா கோவில் தெரு எழுதியது:

ஆயர் என்றவர், பதிலாள் என்றவர் இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. குழப்பம் பதவிப் பெயரில்தான். கிளமென்ட் பொன்னாந்து 1796இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். பாரிஸ் வேதபோதக சபையின் குரு. 1824இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, தெலுங்கு பேசும் கிறிஸ்தவர்களிடையேயும் பணியாற்றினார். 1833இல் புதுச்சேரியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆகவே அவர் ஆயரே இல்லை என்பது சரியல்ல. ஆனால் 'புதுவை ஆயர்' என்ற பதவி அன்று கிடையாது. முறையான மறைமாவட்டம் அமையாத பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் ஆள்பவரைத் திருத்தூதுப் பதிலாள் என்பார்கள். ஆயர் எனில் அவருக்கு ஒரு நகரம் இருந்தாக வேண்டும் என்பதால், என்றோ மறைந்துபோன மறைமாவட்டம் ஒன்றின் பெயரை அவருக்குச் சூட்டுவார்கள். பொன்னாந்துக்குக் கிடைத்தது ஐரோப்பாவின் தென்கிழக்கிலிருந்த திரேசு நாட்டின் திருசிப்பரா. கண்ணால் காணாத ஊரின் பட்டத்தை ஏற்று, நம் சோழமண்டலக் கரையை ஆண்டார். சோழமண்டலத் திருத்தூதுப் பதிலாட்சி நிறுவப்பட்ட 1836ஆம் ஆண்டு முதல் 1861 வரை அவரே அதன் தலைவர். புதுச்சேரி உயர்மறைமாவட்டம், அதாவது பேராயர் தலைமையிலான மறைமாவட்டம், ஆனது 1886இல்; முதல் பேராயர் லவுனான் ஆண்டகை. எனவே பொன்னாந்தைப் பேராயர் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அச்சுக்கூடம் அவர் காலத்தில்தான் வேரூன்றியது. அதை நடத்திய தந்தை துப்புயி, தந்தை மூசேயோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர். அதே துப்புயிதான் ஆண்டகையின் துணையோடு 1844 அக்டோபரில் பெண்களுக்கென ஒரு துறவற சபையையும் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதே அதன் நோக்கம். பெண் படிப்பதை வீட்டுக்கு ஆகாத காரியமாகக் கருதிய காலத்தில், உள்ளூர்ப் பெண்களையே கன்னியராக்கி ஆசிரியைகளாக நிறுத்தியது எவ்வளவு துணிவான செயல் என்பதைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, நிறுத்திச் சொல்லுங்கள்.

காசிச் செய்தியும் உண்மையே. 1858இல் உரோமை அவரை இந்தியா முழுமைக்கும் திருத்தூதுப் பார்வையாளராக நியமித்தது. இரயில் பாதை அங்கங்கே மட்டும் போடப்பட்டிருந்த நாட்டில், அறுபதைக் கடந்த வயதில், ஒவ்வொரு மறைப்பணித் தளமாகச் சென்று நிலைமையைக் கேட்டறிந்து வந்தார். அந்தப் பயணத்திலேயே 1861 மார்ச் 21 அன்று காசியில் உயிர்நீத்தார்.

வில்லியனூர் வாசகர் எழுதியது:

மேலே எழுதிய ஐயா முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார் என்று கருதுகிறேன். பொன்னாந்து ஆண்டகையின் வாழ்க்கையில் நடுநாயகமானது 1844ஆம் ஆண்டின் புதுவைச் சங்கம். மறைப்பணியாளர்களைக் கூட்டி, குருமடம், பள்ளிகள், உபதேசியார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுதேசக் குருக்களை உருவாக்குவது பற்றி அங்கே கலந்தாய்ந்தார்கள். அதன் தீர்மானங்களை உரோமைக்கு எடுத்துச் சென்றவர் லுக்கே என்ற இளம் குரு. அவர் அங்கே அழுத்தமாக வாதாடியதன் பயனாக, 1845 நவம்பர் 23 அன்று மறைப்பணிகளை மேற்பார்வையிடும் உரோமை அலுவலகமான விசுவாசப் பரப்புப் பேராயம் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. சுதேசக் குருக்களை வெறும் எடுபிடிகளாக நடத்தக் கூடாது, தகுதியுள்ளவர்களை ஆயர் நிலை வரை உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். லுக்கேயைப் புதுவைக்குத் துணை ஆயராக நியமித்தார்கள். ஆனால் இங்கிருந்த எதிர்ப்பால் அவர் திரும்பி வரவே இயலவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சாதிச் சிக்கலையும் மறைக்க வேண்டாம். கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே 1745ஆம் ஆண்டுச் செய்தி இருக்கிறது. நூறாண்டு கழிந்தும் அந்தச் சிக்கல் தீரவில்லை. புதுவையில் பொன்னாந்து ஆண்டகையின்கீழ் பணியாற்றி, பிறகு கோயம்புத்தூருக்கு ஆயராகச் சென்ற மரியோன் பிரெசியாக், சாதி வழக்கங்களுக்கு இடங்கொடுப்பது தம் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை என்பதாலும் பதவியைத் துறந்தார். பிறகு அவர் ஆப்பிரிக்க மறைப்பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859இல் பிரீடவுனில் காய்ச்சலுக்குப் பலியானார்.

கெடிலக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால், 1845இல் உரோமை சொன்னது நம் மறைமாவட்டத்தில் எப்போது நிறைவேறியது? 'கடலூர்' என்ற பெயர் எப்போது சேர்ந்தது?

சம்பா கோவில் தெரு எழுதியது:

வில்லியனூர் ஐயா சங்கத்தைச் சுட்டிக்காட்டியது மிகவும் சரி; நான் அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். கடலூர்ப் பெயர் 1953இல் சேர்ந்து, அது 'புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம்' ஆயிற்று. உங்கள் முதல் கேள்விக்கு விடை சற்று நீளமானது. லத்தீன் வழிபாட்டு முறையில் இருபதாம் நூற்றாண்டின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை 1923இல் தூத்துக்குடியில் பொறுப்பேற்றார். 1931இல் கும்பகோணத்துக்குப் பீட்டர் பிரான்சிஸ் இராயப்பா வந்தார். புதுவையிலோ லவுனானுக்குப் பின் காந்தி (இது பிரெஞ்சுப் பெயர்), மொரேல், கோலாஸ் எனப் பிரெஞ்சுக்காரர்களே தொடர்ந்தார்கள். 1955இல்தான் அம்புரோஸ் இராயப்பன் ஆண்டகை முதல் இந்தியப் பேராயரானார். அறிவுறுத்தல் பிறந்த ஊருக்கே அதன் பலன் வந்துசேர நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆயின.

அந்தப் பழைய செபப்புத்தகத்தைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் கைக்குக் கை மாற்ற வேண்டாம், தாள் உதிர்ந்துவிடும். மேசைமேல் துணி விரித்து, முகப்புப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். 'மேற்றிராணியார்' என்ற எழுத்தைப் பிள்ளைகளே படித்துப் பார்க்கட்டும்.